சாலை விபத்தும் சங்கத்துக் கணக்கும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

கவரைப்பேட்டையை அறியாதார் நம் பகுதியில் இலர். ஒரு புறம் சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை. மறு புறம் அதே திசையில் ஓடும் இருப்புப் பாதை. முதியோர் இன்றும் ஜி.என்.டி. ரோடு என்றே வழங்கும் அப்பெருஞ்சாலை இப்போது 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாகும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகளும், ஆந்திர எல்லையைக் கடந்து வரும் சரக்கு வண்டிகளும், கார்களும் அதில் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் ஊடேதான் நம் நெசவாளர் பாவையும் நூலையும் வண்டியின் பின்னே கட்டிக்கொண்டு செல்கிறார். நம் விவசாயி காய்கறி மூட்டையை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு சாலையைக் குறுக்கே கடக்கிறார்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா செல்லும் பாக்மதி விரைவு ரயில், கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியது. பெட்டிகள் பல தடம் புரண்டன. பயணிகள் பலர் காயமுற்றனர். நல்வினைப் பயனாக உயிர்ச்சேதம் நேரவில்லை. நாடு முழுவதும் அன்று நம் ஊரின் பெயரைக் கேட்டது. ரயில் விபத்தில் காயமுற்றோருக்கு ரயில்வே சட்டம் உண்டு. அதற்கெனத் தனித் தீர்ப்பாயமும் உண்டு.

ஆனால் அதே ஊரின் சாலையில் ஒருவர் பின் ஒருவராக அடிபடுவோரை நாடு திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கும் சட்டம் உண்டு, தீர்ப்பாயமும் உண்டு என்பதை அங்கத்தினர் பலர் அறியார். அறிந்தவர்களும் ஒன்றை மறந்து விடுகின்றனர். அத்தீர்ப்பாயத்தின் முன் உழைப்பாளிக்குப் பெருந்துணையாக நிற்கக்கூடிய சாட்சி, நம் சங்கத்து அலமாரியில் உறங்கும் கணக்குப் புத்தகமே. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பிற்பகலில்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குகளை ஆய்வு செய்து கொண்டிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பிற்பகலில் ஒரு முதியவர் தம் மருமகளுடன் வந்து வாயிலில் நின்றார்.

"ஐயா, என் மகன் மாசம் எவ்வளவு கூலி வாங்கினான்னு சங்கத்திலேருந்து ஒரு சர்ட்டிபிகேட் வேணுங்க. வக்கீல் கேக்கறாரு" என்றார்.

காரியதரிசி கூலிப் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு தயங்கிய குரலில், "பெரியவரே, உங்க மகன் பேரு புத்தகத்துலயே இல்லீங்களே. எல்லாம் உங்க பேருலதானே இருக்கு" என்றார்.

நடந்தது இதுதான். நெய்து முடித்த சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைக்க மொபெட்டில் வந்த மகனை நெடுஞ்சாலையில் ஒரு கார் மோதியது. வலது முழங்கால் நொறுங்கிற்று. உள்ளே கம்பி வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். ஆயினும் கால் மடங்கவில்லை. அவர் நெய்தது குழித்தறி. குழியில் காலை இறக்கி மிதிபலகையை மாறி மாறி மிதித்தாலன்றிக் குழித்தறி நடவாது என்பதை நெசவாளர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்முதியவருக்குப் பார்வை மங்கிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அப்பத்தாண்டுகளும் தறியில் அமர்ந்தவர் மகனே. ஆனால் அங்கத்தினர் தந்தை; கைப்புத்தகம் தந்தையின் பெயரில்; கூலியும் தந்தையின் பெயரில். சட்டத்தின் கண்ணுக்கு அம்மகன் தொழிலே இல்லாத ஒருவர்.

அவ்வழக்கின் முடிவைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில், அடிபட்டவருக்குச் சட்டம் காட்டும் வழிகளைக் காண்போம்.

வழக்குகள் இரண்டு

விபத்து நடந்ததும் போலீசார் பதிவு செய்யும் வழக்கு ஒன்று. நஷ்டஈட்டு வழக்கு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். முன்னது வண்டியை ஓட்டியவரின் குற்றத்திற்குத் தண்டனை வழங்குவது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி நடைபெறுகிறது. அபராதம் விதிக்கப்பட்டால் அது அரசுக்குச் செல்லும். பின்னது, அடிபட்டவருக்கும் அவரது குடும்பத்திற்கும் பணமாக ஈடு செய்வது. அது தானாக நம் வீடு தேடி வரும் என்று இருந்துவிடலாகாது.

முற்காலத்தில் நஷ்டஈடு கேட்பவர் உரிமையியல் நீதிமன்றத்தில் மற்ற வழக்குகளோடு வழக்காக நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வண்டிக்காரர் யாவரும் பிறருக்கு நேரும் தீங்கிற்காக இன்ஷூரன்ஸ் செய்தாக வேண்டும் என்று விதித்தது. அவ்விதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டின் திருத்தத்தால் இதற்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி பிறந்தது. இன்று நடப்பிலுள்ளது 1988-ஆம் ஆண்டின் சட்டம். 2019-ஆம் ஆண்டில் அதில் செய்யப்பட்ட திருத்தங்களில் நஷ்டஈடு பற்றியவை 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்துள்ளன.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

உயிரே முதன்மை. 108-ஐ அழைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற எண்ணும் உண்டு. அடிபட்டவரைத் தூக்கினால் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டிவரும் என்ற அச்சம் நம் மக்களிடையே இன்னும் இருக்கிறது. அவ்வச்சம் வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்குத் தொடரலாகாது என்று சட்டத்தின் 134-அ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. அவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சிகிச்சைச் செலவுக்கு இரண்டு ஏற்பாடுகள் உள. தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும். மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, ஒருவருக்கு 1,50,000 ரூபாய்க்கு மிகாமல், குறித்த மருத்துவமனைகளில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இந்த இரண்டாவது திட்டம் விரைந்து வருவதற்கு ஒரு தமிழரின் முயற்சி காரணமாயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2025 ஜனவரியில், திட்டத்தைத் தாமதமின்றி வகுக்குமாறு ஆணை பிறந்தது.

மருத்துவமனையில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அவ்விடத்தில் உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கார் மோதியதை மறைத்துத் "தவறி விழுந்தேன்" என்று எழுத வைத்தால், பின்னர் அந்த ஒரு வரியே வழக்கை வீழ்த்தி விடும். வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்க. போலீஸ் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்றா என்று பார்த்து, நகல் பெற்றுக்கொள்க. மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ஆட்டோ வாடகை ரசீது ஆகிய யாவற்றையும் ஒரே உறையில் இட்டு வைக்க வேண்டும்.

போலீசாருக்கும் இதில் கடமைகள் உள. 2022-ஆம் ஆண்டின் விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்திற்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்திற்கு அவர்கள் அனுப்ப வேண்டும். அடிபட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் ஒன்றை அவரிடம் தர வேண்டும். வயது, தொழில், வருமானம் பற்றிய விவரங்களையும் சான்றுகளையும் கேட்டு மற்றொரு படிவமும் உண்டு. வருமானச் சான்று எங்கே என்ற கேள்வி இங்கேயே தொடங்கி விடுகிறது என்பதைக் கருத்தில் கொள்க.

வழிகள் எவை?

முதலாவது வழி, வண்டியோட்டியின் கவனக்குறைவை எடுத்துக்காட்டி, உண்மையான நஷ்டம் முழுவதையும் கேட்பது. இது 166-ஆம் பிரிவு. கொலை வழக்கில் வேண்டப்படுவது போன்ற ஐயந்திரிபற்ற சான்று இங்கு வேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கக்கூடியது இதுவே என்று தீர்ப்பாயம் நம்பினால் போதும். அடிபட்டவரிடமும் ஓரளவு தவறு இருந்தால், அந்த விகிதத்திற்குத் தொகை குறையும்.

இரண்டாவது வழி, யார் மீது தவறு என்ற விசாரணையின்றியே ஒரு நிலையான தொகையைப் பெறுவது. இது 164-ஆம் பிரிவு. உயிரிழப்புக்கு 5,00,000 ரூபாய். கொடுங்காயத்திற்கு 2,50,000 ரூபாய். விரைவில் முடிவது இதன் நன்மை. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியுடன் உடன்பட்டு இத்தொகையைப் பெற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின்படி தொடுத்த மனு முடிந்து போகும். வாழ்நாள் முழுவதற்கும் தொழிலை இழந்தவர், அவசரத்தில் கையெழுத்திட்டு விடாமல், நன்கு ஆலோசித்த பிறகே இதைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, மோதிய வண்டி நில்லாமல் ஓடிவிட்டு, அதன் அடையாளமே தெரியாத நிலைக்கு உரியது. 161-ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 2,00,000 ரூபாயும், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். இதற்கு மனுச் செய்ய வேண்டிய இடம் வருவாய்த் துறை அலுவலகம். கும்மிடிப்பூண்டி வட்டம் பொன்னேரி வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது. இத்திட்டம் இருந்தும் கேட்டு வருவோர் மிகச் சிலரே என்று, முன் சொன்ன மருத்துவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் கவலை தெரிவித்தது. ஒரு மாதத்தில் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிடின், இத்திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசார் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, வேலையின் நிமித்தமாக விபத்து நேர்ந்தால், தொழிலாளர் நஷ்டஈடு பற்றிய சட்டமும் துணை செய்யும். ஆனால் அதுவோ மோட்டார் சட்டமோ, இரண்டில் ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டும்.

வேறு வண்டி எதுவும் மோதாமல், தம் வண்டியிலிருந்து தாமே சறுக்கி விழுந்தவர் பிறரிடம் நஷ்டஈடு கேட்க இயலாது. வண்டியின் சொந்தக்காரர் உரிமம் பெற்றுத் தாமே ஓட்டும்போது விழுந்தால், இன்ஷூரன்சுடன் சேர்த்து எடுக்கும் 15,00,000 ரூபாய்ச் சொந்த விபத்துக் காப்பீடு பயன்படும். ஆகவே, தவணை கட்டும்போது அதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறோமா என்று பாலிசியைப் பார்த்துக்கொள்க. வங்கிக் கணக்கின் மூலம் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், விபத்தில் உயிரிழந்தால் 2,00,000 ரூபாய் கிடைக்கும். ஒரு டீயின் விலைக்குச் சற்று மேற்பட்ட செலவுதான் அது.

சரக்கு வண்டியில் செல்வோர் கவனிக்க

நம் அங்கத்தினர்க்கே உரிய ஓர் இடர் இது. சரக்கு ஏற்றும் வேனிலும் மினி லாரியிலும் இடம் கிடைத்தால் ஏறிக்கொள்வது நம் வழக்கம். அவ்வாறு இலவசமாகவோ காசு கொடுத்தோ ஏறிய பிரயாணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என்பது உச்ச நீதிமன்றம் முடிவு செய்த விஷயம். ஆனால் வண்டியில் ஏற்றிய சரக்கின் உடைமையாளரும், அவரால் அனுப்பப்பட்ட பிரதிநிதியும் இன்ஷூரன்சுக்கு உட்பட்டவரே. கத்தரிக்காய் மூட்டையுடன் சந்தைக்குச் செல்லும் விவசாயியும், சங்கத்து நூல் சிப்பத்துடன் வரும் ஊழியரும் இப்பாதுகாப்பைப் பெறுவர். எனினும் சரக்கு அவருடையது என்பதற்குச் சான்று வேண்டும். எடைச் சீட்டு, சங்கத்தின் சரக்கு அனுப்புச் சீட்டு ஆகிய ஏதேனும் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

டிராக்டரின் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வது இன்னும் கொடிது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பை மறுக்கும். டிராக்டரின் சொந்தக்காரர் தம் நிலத்தை விற்றுக் கட்டும் நிலைமை வரக்கூடும். அடிபட்டவரும் நம் அங்கத்தினர், கட்ட வேண்டியவரும் நம் அங்கத்தினர் என்றால், எவருக்கு ஆறுதல் சொல்வது?

எங்கே, எப்பொழுது?

மனுவை விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம்; அடிபட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம்; எதிரி குடியிருக்கும் இடத்திலும் கொடுக்கலாம். நெல்லூருக்கு அருகில் அடிபட்ட நம் ஊர்க்காரர் நெல்லூருக்கு அலைய வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே வழக்கிடலாம்.

கால வரம்பு மிக முக்கியமானது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. காலங்கடந்தது என்ற ஒரே காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாது என்று 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. இடைக்கால ஆணை நிலையானதன்று. அதை நம்பிக் காலத்தைக் கடத்தாமல், ஆறு மாதம் என்பதையே நினைவில் நிறுத்துக.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர், உடற்குறையுடையோர், வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டறியலாம்.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

அடிபட்டவரின் ஆண்டு வருமானம் ஒன்று. எதிர்காலத்தில் அது உயரக்கூடிய அளவு ஒன்று. வயதிற்கேற்ற பெருக்கெண் ஒன்று. சம்பாதிக்கும் திறனில் இழந்த பங்கு ஒன்று. இந்நான்கையும் வைத்தே வருமான இழப்பு கணக்கிடப்படுகிறது. பெருக்கெண்ணை உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டின் சரளா வர்மா வழக்கில் வரையறுத்தது. சுயதொழில் செய்வோருக்கு, 40 வயதிற்கு உட்பட்டோராயின் வருமானத்தோடு நூற்றுக்கு 40 பங்கைக் கூட்ட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி வழக்கில் விதித்தது.

38 வயதுள்ள குழித்தறி நெசவாளர் ஒருவர் மாதம் 12,000 ரூபாய் கூலி பெற்றதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். நூற்றுக்கு 40 பங்கைக் கூட்டினால் 2,01,600 ரூபாய். அவர் வயதிற்குரிய பெருக்கெண் 15. எனவே தொழில் முழுவதும் போயிற்றென்றால் இழப்பு 30,24,000 ரூபாய்.

ஆனால் மருத்துவர் "ஊனம் நூற்றுக்கு 40" என்று எழுதிக் கொடுக்க, தீர்ப்பாயமும் அதையே வருமான இழப்பாகக் கொண்டு விட்டால், தொகை 12,09,600 ரூபாயாகக் குறையும். அதற்கு மேல், கூலி 12,000 ரூபாய் என்பதற்குச் சான்றின்றி, 6,000 ரூபாய் என்றே கொள்ளப்பட்டால் கிடைப்பது 6,04,800 ரூபாய். அதே மனிதர், அதே கால், அதே விபத்து. இடையிலுள்ள 24,19,200 ரூபாய் எங்கே போயிற்று? அது காகிதத்தில் இல்லாத காரணத்தால் கரைந்து போயிற்று.

இரு இழப்புகளையும் தடுக்க வழி உண்டு. உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று 2010-ஆம் ஆண்டின் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடது கையை இழந்த எழுத்தர் தம் வேலையைத் தொடரக்கூடும். அதே கையை இழந்த தச்சருக்கும் வண்டியோட்டிக்கும் தொழிலே ஏறக்குறைய முழுவதும் போய்விடும் என்று அந்நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. குழித்தறி நெசவாளரின் முழங்காலுக்கும் அந்நியாயமே பொருந்தும். தறி எவ்வாறு இயங்குகிறது, கால் மடங்காவிடில் ஏன் நெய்ய இயலாது என்பதைத் தீர்ப்பாயத்தின் முன் யாரேனும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தக்கவர் சங்கத்துக் காரியதரிசியன்றி வேறு யார்?

இனி, சான்றே இல்லாதவர் ஒன்றும் பெறார் என்றும் எண்ண வேண்டாம். காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் (சையத் சாதிக், 2014), அத்தகைய தொழிலாளியிடம் எழுத்துச் சான்றை வற்புறுத்தலாகாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் தானே ஒரு வருமானத்தை மதிப்பிட்டது. வீட்டுப் பணி செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்பிட்டு நஷ்டஈடு தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் கீர்த்தி வழக்கில் வலியுறுத்தியது. ஆயினும் மதிப்பீடு மதிப்பீடுதான். புத்தகத்தில் உள்ள உண்மைக் கூலிக்கு அது ஈடாகாது.

வயதிற்கும் சான்று வேண்டும். பெருக்கெண் அதைப் பொறுத்தது. ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு உறுதியான சான்றாகாது என்றும், பள்ளி மாற்றுச் சான்றிதழிலுள்ள தேதியே ஏற்கத்தக்கது என்றும், 2024 அக்டோபரில் ஒரு விபத்து வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பழைய பள்ளிச் சான்றிதழைப் பரணிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்துக.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

முதற்கண், தறியில் அமர்ந்து நெய்பவர் எவரோ அவரது பெயரில் கூலி எழுதப்பட வேண்டும். வீட்டிற்கு ஓர் அங்கத்தினர் என்ற பழக்கத்தால், மகனும் மருமகளும் ஆண்டுக்கணக்கில் பெயரின்றி உழைக்கின்றனர். தகுதியுடைய யாவரையும் அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும். ஒரு வீட்டில் இரு தறிகள் இருந்தால் இரு கைப்புத்தகங்கள் இருக்கட்டும்.

இரண்டாவதாக, கூலியை அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும். ரொக்கம் செலவாகி விடும். வங்கிப் பதிவு நிற்கும். தீர்ப்பாயம் வழங்கும் தொகையும் வங்கிக் கணக்கின் வழியாகவே வருவது நல்லது.

மூன்றாவதாக, பாவும் நூலும் வழங்கும் பதிவேட்டில், பெற்றுக்கொள்பவர் தம் பெயரை முழுமையாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். கிறுக்கல் கையெழுத்து எவரையும் காப்பாற்றாது.

நான்காவதாக, விபத்துற்றவரின் குடும்பம் கூலிச் சான்று கேட்டால், ஒரு வாரத்திற்குள், பதிவேட்டின் பக்க எண்ணைக் குறிப்பிட்டுத் தர வேண்டும். மூலப் பதிவேட்டுடன் காரியதரிசி தீர்ப்பாயத்திற்குச் சென்று சாட்சி சொல்லவும் நிர்வாகக் குழு முன்கூட்டியே அனுமதி அளிக்கலாம்.

ஐந்தாவதாக, விவசாயச் சங்கங்கள் கடன் மனுவில் பயிரையும் பரப்பையும் சரியாக எழுத வேண்டும். அடங்கல், நெல் கொள்முதல் ரசீது, கடன் பேரேடு ஆகியவையே விவசாயியின் கூலிப் பதிவேடு. குத்தகைக்கு உழுபவரின் நிலைமை, தந்தை பெயரில் நெய்யும் மகனின் நிலைமையே. அவர் பெயரும் எங்கேனும் ஓரிடத்தில் எழுத்தில் ஏற வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். இரக்கத்தால் கூலியைக் கூட்டி எழுதித் தருமாறு சிலர் கேட்பர். ஒரு போதும் இணங்கலாகாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் பதிவேட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்வார். ஒரு பொய் வெளிப்பட்டால் அவ்வழக்கு மட்டுமன்று, அடுத்து வரும் பத்து அங்கத்தினரின் உண்மைச் சான்றும் மதிப்பிழக்கும். சங்கத்தின் முத்திரைக்கு உள்ள மதிப்பு நம் யாவருக்கும் பொதுவான சொத்தாகும்.

மருத்துவமனை வாயிலில் நின்று, "கேஸ் போட்டுத் தருகிறேன், வருவதில் பங்கு கொடுத்தால் போதும்" என்பவரையும் விலக்குக. கிடைக்கும் தொகையில் பங்கு பேசி ஊதியம் பெறுவது வழக்கறிஞர்களின் ஒழுக்க விதிகளுக்கே முரணானது. வெற்றுத் தாளில் கையெழுத்திட வேண்டாம்.

அவ்வழக்கின் முடிவு

முன் சொன்ன நெசவாளருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லி முடிக்கிறேன். அன்று மாலை வரை நானும் காரியதரிசியும் பதிவேடுகளைத் தேடினோம். நூல் வழங்கும் பதிவேட்டில், தந்தைக்காக நூலைப் பெற்றுக்கொண்ட இடத்தில், மகன் தம் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். ஆண்டுக்கணக்கில் அக்கையெழுத்துகள் தொடர்ந்தன. அப்பக்கங்களின் நகல்களைச் சான்றிட்டுக் கொடுத்தார் காரியதரிசி; பின்னர் மூலத்துடன் தீர்ப்பாயத்திற்கும் சென்றார்.

அவர் நெசவாளரே என்பதைத் தீர்ப்பாயம் ஏற்றது. குழித்தறியில் இனி அவரால் அமர இயலாது என்பதையும் ஏற்றது. ஆனால் கூலி முழுவதும் அவருடையதே என்பதை ஏற்கவில்லை. புத்தகம் தந்தையின் பெயரில் இருந்தபடியால், பாதியையே மகனின் வருமானமாகக் கொண்டது. கிடைத்த தொகையில் கடன் அடைந்தது. மருமகள் தார் சுற்றியும், அண்டை வீட்டுத் தறியில் நெய்தும் குடும்பத்தை நடத்துகிறார். இம்முறை கைப்புத்தகம் அவர் பெயரிலேயே இருக்கிறது.

தீர்ப்புக்குப் பின் அம்முதியவரைக் கண்டபோது, "பேரை மாத்தணும்னு எனக்குத் தோணவேயில்லீங்க ஐயா. என் தப்புதான்" என்றார். தவறு அவருடையது மட்டுமா? அச்சங்கத்தின் கணக்கை அப்பத்தாண்டுகளும் எங்கள் துறையினர் ஆய்வு செய்து வந்தோம். நானே இரு முறை ஆய்வு செய்திருக்கிறேன். கூட்டல் சரியா, இருப்புச் சரியா என்று பார்த்துக் கையெழுத்திட்டேன். கண் மங்கிய முதியவர் எவ்வாறு மாதந்தோறும் இத்தனை சேலை நெய்கிறார் என்று ஒரு முறையும் கேட்டேனில்லை.

இப்போது கேட்கிறேன். எச்சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றாலும், புத்தகத்தை மூடி வைத்து விட்டு, தறி இருக்கும் தெருவிற்கு ஒரு முறை நடந்து சென்று, குழியில் கால் வைத்திருப்பவர் யார் என்று பார்க்கிறேன். அங்கத்தினர்களே, ஆய்வாளர் வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இம்மாதக் கூலி வாங்கும் நாளில் உங்கள் கைப்புத்தகத்தின் முதற் பக்கத்தைத் திறந்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உழைப்பவரின் பெயர் அங்கே இல்லையாயின், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு முன் மனுக் கொடுங்கள். பெயர் மாற்றுவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் விபத்திற்கு முந்தியதாக இருக்கட்டும்.